சம்பள ஏஜென்சிக்கு ஒரு தரவுப் பாதுகாப்பு ஒப்பந்தம்: சுங்கை சிப்புட்டில் செய்து பார்த்தது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் என் கணினிக் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு சம்பள ஏஜென்சி இருக்கிறது. நடத்துபவர் ஓர் அக்கா. கூட வேலைக்கு ஒரு பெண். மாதக் கடைசியில் மட்டும் வீட்டிலிருந்து எண்களைத் தட்டித் தரும் ஒரு கல்லூரி மாணவர். அவ்வளவுதான் நிறுவனம். செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டவும் உரம் போடவும் ஆள் கொடுக்கும் குத்தகைக்காரர்கள், சில சாப்பாட்டுக் கடைகள், ஒரு லாரி முதலாளி என்று இவர்களுடைய ஆட்களுக்கெல்லாம் சம்பளக் கணக்குப் போட்டு, ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), வருமான வரிப் பிடித்தம் எல்லாவற்றையும் கட்டித் தருவது வேலை. ஒரு காலத்தில் தோட்டத்து ஆபிசில் கிராணி, அதாவது கணக்குப் பிள்ளை, செய்ததுதான். குத்தகை ஆட்கள் பெருகிய பிறகு கணக்குப் புத்தகம் பட்டணத்துக்கு வந்துவிட்டது.

ஈப்போவில் இருக்கும் ஒரு பெரிய வாடிக்கையாளர் பதினெட்டுப் பக்க ஒப்பந்தம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினார். தலைப்பு, தரவுச் செயலாக்க ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினால்தான் அடுத்த மாதத்து ஆள் பட்டியல் வரும் என்றும் எழுதியிருந்தார்கள். "எந்தப் பக்கத்துல கையெழுத்துன்னு மட்டும் காட்டுங்க தம்பி, போட்டுடறேன்" என்று அக்கா அதை அச்செடுத்துக்கொண்டு வந்தார்.

நான் முதலில் கேட்டது வேறு: "இவங்க ஆளுங்களோட ஐசி நகல் உங்ககிட்ட எத்தனை இடத்துல இருக்கு?" ஐசி என்றால் அடையாள அட்டை. பதில் வரவில்லை. சரி, வேலை அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்தது. ஒப்பந்தத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு அலமாரியிலிருந்து ஆரம்பித்தோம்.

சட்டம் எங்கே நிற்கிறது

அதற்கு முன் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, அதாவது சட்டம் 709, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. பிடிபிஏ என்றால் எல்லோருக்கும் தெரியும். அதன்படி இந்த விஷயத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். எந்தத் தகவலை, எதற்காக வாங்குவது என்று முடிவு செய்பவர் ஒருவர். அவருக்காக அதை வைத்து வேலை செய்து கொடுப்பவர் இன்னொருவர். ஆட்களின் முதலாளி முதல் வகை, அக்கா இரண்டாவது வகை. பல வருடமாகச் சட்டத்தின் கை நேராக முதல் வகையைத்தான் பிடித்தது. இரண்டாம் வகை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் முதலாளி பொறுப்பு, 9வது பிரிவின்படி.

2024இல் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தம் 2025இல் கட்டம் கட்டமாக அமலுக்கு வந்தது. ஏப்ரல் 1 முதல் தகவலைப் பத்திரமாக வைக்கச் சொல்லும் பாதுகாப்புக் கோட்பாடு, செயலாக்கம் செய்து கொடுப்பவர்களையும், அதாவது இரண்டாம் வகையையும், நேரடியாகவே பிடிக்கும். மீறினால் உச்சத் தண்டனை 10 லட்சம் ரிங்கிட் அபராதம், 3 ஆண்டு சிறை, அல்லது இரண்டும். முன்பு இது 3 லட்சமும் 2 ஆண்டுமாக இருந்தது. ஜூன் 1 முதல் தகவல் கசிந்தால் அறிவிப்பது கட்டாயம். ஈப்போக்காரர் திடீரென்று பதினெட்டுப் பக்கம் அனுப்பியதற்குக் காரணம் இதுதான். அக்கா இதுவரை கேட்டறியாத ஒன்று, தானே இந்தச் சட்டத்தில் ஒரு தரப்பு என்பது.

இன்னொரு நுணுக்கம். வாடிக்கையாளருக்காக மட்டும் அந்தத் தகவலைக் கையாளும்வரைதான் அக்கா இரண்டாம் வகை. அதே மேசையில் அவர் வாகனக் காப்புறுதியும் புதுப்பித்துத் தருகிறார். சம்பளப் பட்டியலில் இருக்கும் கைப்பேசி எண்களுக்கு 'ரோட்டெக்ஸ் (சாலை வரி) முடியப்போகுதா?' என்று செய்தி அனுப்புவது அந்த ஆபிசில் ஒரு பழக்கமாகவே இருந்தது. அப்படி அனுப்பும்போது அவர் தன் சொந்தத் தேவைக்கு அந்தத் தகவலைப் பயன்படுத்துகிறார். வாடிக்கையாளரின் சம்மதமில்லாமல் அவர் பட்டியலைத் தன் காரியத்துக்கு எடுப்பது 130வது பிரிவு பேசுகிற விஷயம். அதில் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் இருக்கிறது. அன்றே அந்தப் பழக்கத்தை நிறுத்தினோம். காப்புறுதிக்குத் தானாக வருகிறவர்களுக்குத் தனிப் புத்தகம், தனி எண், தகவலை எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லும் தனி அறிவிப்பு.

அலமாரியும் கைப்பேசியும்

நான்கு முழத் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, ஒரே ஒரு தொழிலாளியின் தகவல் இந்த ஆபிசுக்குள் எப்படி வருகிறது, எங்கெல்லாம் போகிறது என்று கோடு போட்டோம். மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை. யோசித்துச் சொல்வதைவிட, கூடவே இருந்து பார்த்தால்தான் உண்மை வருகிறது. அதனால் அந்தப் பெண்ணிடம் புதிதாக வந்த ஓர் ஆளைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

குத்தகைக்காரரின் மண்டோர் (ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி) ஐசியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். படம் அந்தப் பெண்ணின் கைப்பேசிக்கு வருகிறது. அவர் அதைக் கணினியில் திறந்து அச்செடுக்கிறார். அச்சு கோப்பில் போகிறது. கணினியின் பதிவிறக்க உறையில் ஒரு நகல் தங்குகிறது. கைப்பேசியின் படத்தொகுப்பில் ஒன்று, அங்கிருந்து தானாகவே கூகள் போட்டோசில் ஒன்று. மண்டோரின் கைப்பேசியில் மூலப்படம். மாணவருக்குத் தட்டச்சு செய்ய அனுப்பியபோது அவர் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும். வெளிநாட்டு ஆட்கள் என்றால் கடப்பிதழின் ஒவ்வொரு பக்கமும் இப்படியே பெருகும். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து, வீட்டு வேலையாட்கள் நீங்கலாக, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் ஈபிஎஃப் கட்டாயமாகிவிட்டது: முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு. அதற்கான பதிவுக்காகக் கடப்பிதழ் நகல்கள் மழைக்காலத்து ஈசல் மாதிரி வந்து குவிந்திருந்தன.

கைப்பேசியில் செய்தது சின்ன வேலைதான், பலன் பெரியது. வாட்ஸ்அப் அமைப்பில் படங்கள் படத்தொகுப்பில் தெரிவதை அணைத்தோம். கூகள் போட்டோசில் வாட்ஸ்அப் உறையின் காப்பெடுப்பை நிறுத்தினோம். அங்கே ஏற்கெனவே ஏறியிருந்த ஐசிப் படங்களைத் தேடி அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தோம். குப்பைத் தொட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலைத் திறந்தால், வேலையை விட்டுப் போன ஒருவரின் கணினி இன்னும் உள்ளே இருந்தது. நீக்கினோம். அதற்கப்புறம் ஆபிசுக்கென்று தனிக் கைப்பேசி ஒன்று. சொந்த எண்ணில் ஐசிப் படம் வந்தால் திருப்பி ஆபிஸ் எண்ணுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, வந்ததை அழிப்பது என்று முடிவு. மண்டோர்களுக்கு இதைப் பழக்குவதற்கு ஒரு மாதச் சம்பளச் சுற்று பிடித்தது.

காகிதம் வேறு கதை. அலமாரியில் மூடிப்போன ஒரு சாப்பாட்டுக் கடையின் ஆட்கள் விவரம்கூட இருந்தது. எதை எத்தனை காலம் வைக்கலாம் என்பதற்குச் சட்டங்களே அளவு சொல்கின்றன. வேலைச் சட்டப்படி தொழிலாளர் பதிவேடு 6 ஆண்டு, வருமான வரிச் சட்டப்படி கணக்குப் பதிவுகள் 7 ஆண்டு. ஆனால் அந்தக் கடமை முதலாளியுடையது. ஏஜென்சி தன் அலமாரியில் அடுக்கி வைக்க வேண்டிய அவசியமில்லை. அதனால் ஒவ்வொரு வாடிக்கையாளரின் பழைய கோப்புகளையும் பெட்டியில் கட்டி, பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தோம். வாங்க மறுத்தவர் ஒருவர். அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக் கிழித்தோம். 2015ஆம் ஆண்டுப் பாதுகாப்புத் தரநிலை, சட்ட மதிப்பில்லாத விண்ணப்பப் படிவங்களை 14 நாளுக்குள் ஒழிக்கச் சொல்கிறது. இந்த அலமாரியைப் பார்த்தால் அந்த விதியை எழுதியவர் அழுதிருப்பார்.

கிழிப்பதற்கு குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் இயந்திரம் வாங்கச் சொன்னேன். நீள நாடாவாக வெட்டுவது போதாது, பொறுமையுள்ளவர் ஒட்டிவிடலாம். பழைய பேப்பர்க்காரருக்கு எடை போட்டுக் கொடுக்கும் வழக்கம் அதோடு நின்றது. ஈப்போ புந்தோங் பக்கம் கச்சான் பூத்தே என்கிற கடலை நொறுக்குத்தீனி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் காலத்துப் பொட்டலத்தைப் பிரித்தால் யாரோ ஒருவரின் பரீட்சைத் தாளோ கணக்குத் தாளோ இருக்கும். இப்போது அப்படி ஒரு சம்பளச் சீட்டு வெளியே போனால் அதில் ஐசி எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் சேர்ந்தே போகும்.

வாடகைக்கு எடுத்த நகலெடுக்கும் இயந்திரத்தையும் விடவில்லை. இந்தப் பெரிய இயந்திரங்கள் பலவற்றில் வன்தட்டு இருக்கிறது, நகலெடுத்தது அதில் தங்கலாம். வாடகைக்காரரை அழைத்து, மாற்றி எடுத்துப் போகும் முன் வன்தட்டைத் துடைத்துவிட்டேன் என்று எழுதித் தரும்படி ஏற்பாடு செய்தோம்.

கடவுச்சொல்லும் கைரேகையும்

சம்பளச் சீட்டுகள் பிடிஎஃப் வடிவில் போகின்றன. கடவுச்சொல், பிறந்த தேதி ஆறு இலக்கம். இங்கே பல ஆபிசுகளில் இதுதான் நடைமுறை. நம் ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதிதான்; அடுத்த இரண்டு பிறந்த இடம், பேராக் என்றால் 08; கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். வேலை செய்யும் வயதில் இருக்கும் ஒருவரின் பிறந்த தேதி எப்படிப் பார்த்தாலும் 20,000 சொச்சத்துக்குள் அடங்கிவிடும். கணினி ஒரு டீ குடிக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். அதற்குக்கூட அவசியமில்லை, ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வளர்ந்த ஆட்கள், ஒருவருடைய பிறந்தநாளுக்கு இன்னொருவர் கேக் வெட்டியவர்கள். ஒவ்வொருவருக்கும் வேலையில் சேரும்போதே தனியாக ஒரு கடவுச்சொல் எழுதிக் கையில் கொடுப்பது என்று மாற்றினோம். மறந்துவிட்டதாக ஆட்கள் வந்து நிற்கிறார்கள், உண்மைதான். அந்தத் தொல்லை போகாது.

ஒரு குத்தகைக்காரர் கைரேகை வைக்கும் வருகைப் பதிவு இயந்திரம் வைத்திருந்தார். மாதக் கடைசியில் பென்டிரைவில் மொத்தமாக இறக்கிக்கொண்டு வருவார். திருத்தத்துக்குப் பிறகு கைரேகை போன்ற உயிரியல் அடையாளம் நுண்ணிய தனிநபர் தரவில் சேர்ந்துவிட்டது. தொழிலாளியின் வெளிப்படையான சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். அது அவர் வேலை. நமக்குத் தேவை எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பது மட்டும். இயந்திரத்தின் பட்டியலில் வருகைப் பதிவை மட்டும் இறக்கும் தேர்வு தனியாகவே இருந்தது. அதைக் காட்டிக் கொடுத்தேன். கைரேகைக் கோப்பு இந்த ஆபிசுக்குள் வருவதே இல்லை இனி. எம்சி சீட்டும், அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டும், அப்படியே. என்ன நோய் என்பது உடல்நலத் தகவல், அதுவும் நுண்ணிய வகை. சம்பளம் போட விடுப்புத் தேதி போதும். தேதிகளை ஒரு பட்டியலாக அனுப்புங்கள், சீட்டு உங்களிடமே இருக்கட்டும் என்று எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்லிவிட்டோம். இந்தப் பயிற்சி முழுவதிலும் எனக்குப் பிடித்தது இந்த இரண்டும்தான். வராத தகவலைப் பூட்ட வேண்டியதில்லை.

கணினிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, மாற்றியாயிற்று. இரண்டிலும் வன்தட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி, அதைத் திறக்கும் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி அக்கா வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்தோம். மேகச் சேமிப்பிலும் பென்டிரைவிலும் தரவை மாற்றுவதற்கு நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும் என்கிறது அதே தரநிலை. இங்கே நிர்வாகம் என்றால் அக்காதான். தனக்குத் தானே அனுமதிக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடும்போது அவர் சிரித்த சிரிப்பு கடைவரை கேட்டது.

இப்போது அந்தப் பதினெட்டுப் பக்கம்

சுவரில் வரைபடம் முடிந்த பிறகு ஒப்பந்தத்தைப் படித்தால் அது வேறு மாதிரி தெரிந்தது. எங்கிருந்து எடுத்தார்கள் என்பதும் தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28வது விதி அப்படியே இருந்தது. ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியே தரவு போவது பற்றி ஒன்றரைப் பக்கம். தோட்டத்தில் குலை வெட்டும் ஆளின் சம்பளம் ஐரோப்பாவுக்குப் போகாது. அந்த இடத்தில் நமக்குத் தேவையான கேள்வி வேறு: சம்பள மென்பொருளின் சேவையகம் எங்கே? சிங்கப்பூர். அதனால் நம் சட்டத்தின் 129வது பிரிவுதான் பேச வேண்டும். நம் சட்டத்துக்கு ஈடான பாதுகாப்பு அங்கே இருக்கிறதா என்று வாடிக்கையாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிட்டு, சேவையகம் இருக்கும் நாட்டை எழுதி, அதை மாற்றினால் முன்கூட்டியே சொல்வோம் என்று இரண்டு வரி சேர்த்தோம்.

தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ் வைத்திருப்பதாக ஒரு விதி. ஓர் அறை ஆபிசுக்கு அது பொய்ச் சத்தியம். அதை அடித்துவிட்டு, உண்மையில் செய்திருப்பதை ஓர் இணைப்பாகக் கொடுத்தோம்: குறியாக்கம், தனிக் கைப்பேசி, பூட்டு, யாரிடம் சாவி, கிழிப்பு முறை. ஈப்போக்காரரின் ஆள் இதைப் பார்த்துவிட்டு எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. சொல்லப்போனால் சான்றிதழைவிட இது அவருக்கு வசதி. வந்து பார்த்துச் சரிபார்க்கலாம். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றிருந்ததை, ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிட்டு வரலாம் என்று மாற்றிக்கொண்டோம்.

வேறு யாரிடமும் வேலையை ஒப்படைக்கக் கூடாது என்ற விதியில்தான் கல்லூரி மாணவர் மாட்டினார். அவர் சம்பளத்தில் இருக்கும் ஊழியர் இல்லை, வேலைக்கு ஏற்றபடி காசு வாங்குபவர். சட்டத்தின் கண்ணில் அவரும் ஒரு செயலாக்குநர், அதாவது அக்காவைப் போலவே இரண்டாம் வகை, ஆகலாம். ஆபிஸ் மடிக்கணினியைக் கொடுத்து, பகுதி நேர ஊழியராகவே எடுத்து, இரகசியக் காப்புக் கடிதம் வாங்கியாயிற்று. மென்பொருள் நிறுவனத்தையும் மேகச் சேமிப்பையும் பெயரோடு இணைப்பில் போட்டோம்.

சண்டை வந்தது ஒரே இடத்தில். எந்த இழப்பு நேர்ந்தாலும் ஏஜென்சி முழுதும் ஈடுகட்ட வேண்டும், வரம்பில்லாமல். அந்த வாடிக்கையாளரிடமிருந்து அக்காவுக்கு வரும் வருடக் கட்டணம் ஒரு பழைய மைவி காரின் விலைகூடத் தேறாது. ஈப்போவில் ஒரு வழக்கறிஞரிடம் இந்த விதியை மட்டும் காட்டினோம். வேண்டுமென்றே செய்த தவறுக்கு வரம்பு இல்லை, மற்றதற்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகை எழுதச் சொன்னார். முதலில் மறுத்தார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். சட்டம் போடும் அபராதத்தை இந்த வரம்பு தொடாது என்பதை அக்காவிடம் தனியாகச் சொல்லி வைத்தேன். ஒப்பந்தம் இருவருக்குள் உள்ள கணக்கு. தரவுப் பாதுகாப்பு ஆணையர் அதைப் பார்த்துத் தண்டனையைக் குறைக்கப் போவதில்லை.

மடிக்கணினி தொலைந்தால்

கசிவு அறிவிப்பு விதியில் 'உடனடியாக' என்று மட்டும் இருந்தது. இதை அப்படியே விட எனக்கு மனமில்லை. சட்டப்படி ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டியவர் முதலாளி. பாதிக்கப்பட்ட ஆட்களுக்குப் பெருந்தீங்கு வரலாம் என்றால் அதற்குப் பிறகு 7 நாளுக்குள் அவர்களுக்கும். அறிவிக்காமல் விட்டால் 2 லட்சத்து 50 ஆயிரம் ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. மூன்று நாளில் அக்கா எத்தனை மணி நேரத்தைத் தின்றுவிடலாம்? 24 மணி என்று எழுதினோம், தெரிந்த நேரத்திலிருந்து.

அக்காவின் முதல் கேள்வி நியாயமானது: நம்மிடம் இருப்பது சில நூறு பேர் விவரம்தானே? கசிவு அறிவிப்புக்கான ஆணையரின் வழிகாட்டியில் 1,000 பேருக்கு மேல் என்று ஓர் எண் இருக்கிறது. ஆனால் அது பல அளவுகோல்களில் ஒன்றுதான். ஆள்மாறாட்டம் செய்ய உதவும் தகவல்கள் சேர்ந்து போனாலோ, பண இழப்பு வரக்கூடும் என்றாலோ, தலை எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. ஐசி, வங்கிக் கணக்கு, சம்பளம் மூன்றும் ஒரே எக்செல் கோப்பில். இதற்கு மேல் என்ன வேண்டும்? தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்கும் கட்டாயம்தான் இவர்களுக்கு இல்லை. அது 20,000 பேருக்கு மேல், அல்லது நிதி விவரம் உள்ளிட்ட நுண்ணிய தரவு என்றால் 10,000 பேருக்கு மேல்.

அதனால் ஒத்திகை பார்த்தோம். சனிக்கிழமை மாலை, மாணவர் ஈப்போ பஸ்ஸில் மடிக்கணினியை விட்டுவிட்டார் என்று வைத்துக்கொண்டோம். அவர் யாரைக் கூப்பிடுவார்? அக்காவை. அக்கா கோயிலில், கைப்பேசி கைப்பையில். ஆபிஸ் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து கணக்கை மூடத் தெரியாது. ஈப்போக்காரரின் எண் ஆபிஸ் கணினியில் மட்டும். முதல் ஒத்திகையிலேயே ஞாயிறு முழுவதும் போய்விட்டது. இப்போது மூவரின் கைப்பேசியிலும் ஒரு பக்கத் தாள் படமாக இருக்கிறது: யாரை அழைப்பது, எந்தக் கணக்கை எப்படி மூடுவது, வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது. எப்போது தெரிந்தது, என்ன தகவல், சுமார் எத்தனை பேர், இதுவரை என்ன செய்தோம் என்ற நான்கு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். கணினியின் வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டதா என்பதும் அதில் இருக்கிறது. அந்த ஒரு வரியை வைத்துத்தான் எதிர்முனையில் இருப்பவர் பாதி முடிவை எடுப்பார்.

கையெழுத்தான ஒப்பந்தம் ஒன்பது பக்கம், இணைப்புகள் உட்பட. மற்ற வாடிக்கையாளர்களில் யாரும் ஒப்பந்தம் கேட்கவில்லை. அதே ஒன்பது பக்கத்தை மலாயில் சுருக்கி அக்காவே அவர்களுக்குக் கொடுத்துவருகிறார். லாரி முதலாளி மட்டும் இன்னும் படிக்காமல் டேஷ்போர்டில் வைத்திருக்கிறார். காப்புறுதி வாடிக்கையாளர்களுக்கான அறிவிப்பு சட்டப்படி மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், அது முடிந்தது. தமிழிலும் ஒன்று கேட்டார், அதை நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். மீதி இருப்பது பழைய பென்டிரைவுகள். ஒரு மைலோ டின் நிறைய இருக்கின்றன, எதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதா, எல்லாவற்றையும் சுத்தியலால் அடித்துவிடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. நான் சுத்தியல் கட்சி.